அந்த ரிவ்யூவில் நான் எழுதிய வரி

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது படிச்சுப் பார்த்தியா?"

டீமில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி எழுதிய புரோகிராம் கோடை ரிவ்யூவில், அதாவது சரிபார்க்கும்போது, அதற்குக் கீழே நான் எழுதிய வரி இது. 42 வரி மாற்றம். பணம் அனுப்பும்போது பாதியில் நெட்வொர்க் அறுந்து அதே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால், பணமும் இரண்டு முறை போய்விடக் கூடாது. அதற்கான தடுப்பைத்தான் அவன் எழுதியிருந்தான். தடுப்பையே காணோமே என்று நினைத்து, டீம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் நான் இப்படிக் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "சாரி அக்கா, திரும்பப் பார்க்கறேன்."

தடுப்பு 31வது வரியில் இருந்தது. படிக்காமல் விட்டது நான்.

அவன் வாதாடவில்லை. 31வது வரியில் இருந்ததைத் தூக்கி மேலே, கண்ணில் படுகிற மாதிரி வைத்து மறுபடி அனுப்பினான். அதையும் படிக்காமலே சரி என்று அழுத்தினேன். ஒன்பது நாள் கழித்து வேறொரு பிழைக்காகப் பழைய மாற்றங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே உடம்பெல்லாம் சூடாகிவிட்டது.

இந்தத் துறையில் எனக்கு இது 11வது வருடம். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் என் கோடைப் படித்தவர் ஒருவர் இருந்தார். எவ்வளவு பெரிய தப்பாக இருந்தாலும் "இந்த இடத்துல எனக்கு ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பார். சந்தேகம் அவருக்கு இருக்காது, எனக்குத்தான் வர வேண்டியிருக்கும். ஆனாலும் அப்படித்தான் எழுதுவார். நானும் பத்து வருடம் அப்படியே எழுதிப் பழகியிருந்தேன். களைப்பு பழகிவிட்டது, தூக்கம் வராதது பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வயிறு பிசைவதுகூடப் பழகிவிட்டது. அந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. எழுதியது என் கைதான். எழுதியவளை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் டீம் பணப் பரிமாற்ற சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்கிறது. பகலில் கோட் எழுதுவது, இரவில் அது விழாமல் காவல் காப்பது, இரண்டும் எங்கள் பொறுப்பு. இந்தக் காவலுக்குப் பெயர் ஆன்-கால், வாரம் ஒருவராகச் சுற்றிவரும். 2023 தொடக்கத்தில் அந்தச் சுற்றில் ஐந்து பேர் இருந்தோம். இருவர் வேலையை விட்டுப் போனார்கள். ஒருவரை வேறு டீமுக்கு மாற்றினார்கள். ஆள் எடுக்கப்போகிறோம், அடுத்த காலாண்டில் எடுத்துவிடுவோம் என்று சொல்லிச் சொல்லியே நாள் ஓடியது. மிச்சம் இரண்டு பேர். ஒரு வாரம் அவர், மறு வாரம் நான். இப்படியே 14 மாதம்.

ஆன்-கால் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். போனில் ஒரு செயலி இருக்கும். சர்வரில் ஏதாவது கோளாறு என்றால் அது அலறும். 5 நிமிடத்துக்குள் "பார்த்துவிட்டேன்" என்று அழுத்த வேண்டும், 15 நிமிடத்துக்குள் லேப்டாப் முன்னால் இருக்க வேண்டும். அழுத்தாவிட்டால் அலர்ட் அடுத்தவருக்குப் போகும். எங்கள் விஷயத்தில் அந்த அடுத்தவர் யார்? போன வாரம் முழுக்கக் கண் விழித்த அதே மனிதர். அவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதற்காக நான் போனைக் கையில் பிடித்தபடியே தூங்கியிருக்கிறேன். குளிக்கப் போகும்போது கதவைப் பூட்டாமல், போனை வாசல்படியில் வைத்து, தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சத்தத்தை மூன்று முறை மாற்றினேன். முதலில் செயலியோடு வந்த அபாய மணி. நெஞ்சு படபடக்கிறது என்று மெதுவான வீணை ஒலி ஒன்றை வைத்தேன். இரண்டே வாரத்தில், எங்கேயாவது வீணை கேட்டால் கை வியர்க்க ஆரம்பித்தது. பிறகு பறவைச் சத்தம். அதுவும் போனது. இன்றைக்கும் விடியற்காலையில் ஜன்னலுக்கு வெளியே குருவி கத்தினால் ஒரு நொடி என் உடம்பு எழுந்து உட்காரத் தயாராகிறது.

எத்தனை முறை அலர்ட் வந்தது என்று கணக்கெடுக்கிறார்கள். வராத இரவுக்குக் கணக்கு கிடையாது. என் அனுபவத்தில் மோசமானவை அந்த இரவுகள்தான். அலர்ட் வந்தால் எழுந்து, சரிசெய்து, விழுந்து தூங்கிவிடலாம். வராத இரவில், எந்த நேரமும் வரலாம் என்று மனதின் ஒரு மூலை விழித்துக்கொண்டே இருக்கும். காது தூங்காது. காலையில் "நேத்து ஒண்ணும் வரலயே, நல்லாத் தூங்கினியா?" என்று கணவர் கேட்பார். தூங்கினேன் என்றுதான் சொல்வேன். எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தது உண்மைதானே.

டைம்ஷீட்டில் வாரத்துக்கு 45 மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தேன். இரவு எழுந்து வேலை பார்த்ததையும் சேர்த்து ஒரு வாரம் நானே குறித்துவைத்தேன். 63 வந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று அது சொல்கிறது. 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்ததாக அதே ஆய்வின் கணக்கு. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்குப் பயம்கூட வரவில்லை. 63ஐ எழுதிய தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்கான டிக்கெட்டைத் திறந்தேன். பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வரவில்லையே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு பெரிய தவறு நடந்தது. தேங்கிப்போன பழைய பதிவுகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை ஸ்டேஜிங் என்ற சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் கட்டளை தட்டும் டெர்மினல் இரண்டு, ஒன்று சோதனைக்கு, ஒன்று வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனுக்கு. இரண்டுக்கும் ஒரே கறுப்பு நிறம். ப்ரொடக்‌ஷனில் ஓட்டிவிட்டேன். மணி இரவு 1.40. மறுமுயற்சிக்காகக் காத்திருந்த பரிவர்த்தனைகளின் வரிசை மொத்தமும் காலியானது. பேக்கப்பையும் அதற்குப் பின் பதிவான டிரான்சாக்‌ஷன் லாகையும் வைத்து மீட்டெடுக்க ஆறரை மணி நேரம் பிடித்தது. யாருடைய பணமும் போகவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த இரவு முழுக்க, பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய பணமாகக்கூட இருந்திருக்கும். அதை நினைக்காத நாள் இல்லை.

சம்பவ அறிக்கை எழுதினோம். யார்மேலும் பழி போடாமல் காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் இந்த அறிக்கைகளின் நோக்கம். எங்கள் படிவத்தில் சர்வரின் நினைவகம் எவ்வளவு, சிபியு எவ்வளவு, டேட்டாபேஸ் இணைப்புகள் எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கட்டளையை அழுத்தியவள் எத்தனை மணி நேரம் விழித்திருந்தாள் என்பதற்குக் கட்டம் இல்லை. அன்று காலை 6.30க்கு எழுந்தேன். 19 மணி நேரம். 1997இல் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியது இது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மதுவோடு இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம். பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் வண்டி ஓட்டவே கூடாது. என் கையில் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ் இருந்தது. அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு" என்று இரண்டு சொல். அதை எழுதியதும் நான்தான். வேறு எதை எழுதலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு நடந்துகொண்டிருந்ததை பர்ன்-அவுட், அதாவது வேலையில் கருகிப்போவது, என்கிறார்கள். அதை மருத்துவ எழுத்தில் முதலில் பேசியவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் உளவியலாளர். பகலில் தன் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் ஓர் இலவச கிளினிக்கில் தொண்டு செய்தார். அங்கே உடன் வேலை செய்தவர்களும் தானும் மெல்ல மெல்லக் கருகிப்போவதைப் பார்த்து 1974இல் அதைக் கட்டுரையாக எழுதினார். இந்த விவரம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வேலையை வெறுத்தவர்களைப் பற்றி அவர் எழுதவில்லை. அதை மிகவும் நேசித்தவர்களைப் பற்றி எழுதினார்.

1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-11 பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதில் பர்ன்-அவுட் நோய் அல்ல, வேலை சார்ந்து ஏற்படும் ஒரு நிலை. மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். சக்தி வற்றிப்போவது ஒன்று. வேலையிலிருந்து மனம் விலகுவது, அதன்மேல் கசப்பு படிவது இன்னொன்று. செய்யும் திறன் குறைவது மூன்றாவது.

முதலாவது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதும் எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனால் அதற்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன். 20 வரி ஃபங்ஷன் ஒன்றைப் படிப்பேன். கடைசி வரிக்கு வரும்போது முதல் வரியில் என்ன இருந்தது என்று மறந்திருக்கும். மறுபடி மேலே போவேன். கோட் படிப்பது என்றால் நாலைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொண்டு நடப்பது. இந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு, இந்த லூப் எத்தனையாவது சுற்று, இது தோற்றால் எங்கே போகும் என்று. எனக்கு இரண்டுக்கு மேல் கையில் நிற்கவில்லை. வயதாகிறது, எனக்கு முதலிலிருந்தே பெரிய திறமை இல்லை, இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதை ஈடுகட்ட இன்னும் ஒரு மணி நேரம் அதிகம் உட்கார்ந்தேன். திறன் குறையக் குறைய நேரம் கூடியது. நேரம் கூடக் கூடத் திறன் இன்னும் குறைந்தது.

எனக்குத் தெரியாமலே வந்தது இரண்டாவதுதான். ஏனென்றால் அது வலிக்கவில்லை. நிம்மதி மாதிரிதான் இருந்தது. ஸ்டாண்ட்-அப் என்ற தினசரி டீம் கூட்டத்தில் யாராவது ஒரு சிக்கலைச் சொல்லும்போது முன்பெல்லாம் மனம் தானாக அதற்குள் இறங்கிவிடும். இப்போது இறங்கவில்லை. வாடிக்கையாளர் புகார்களைப் படிக்கும்போது ஆட்கள் தெரியவில்லை, டிக்கெட் எண்தான் தெரிந்தது. அப்பாடா, ஒருவழியாக மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அந்தத் தம்பியும் அப்படித்தான் எனக்கு ஓர் ஆளாகத் தெரியாமல் போயிருக்கிறான்.

2024 மார்ச் இறுதியில் நான் ஆன்-காலில் இருந்தேன். எக்ஸ்இசட் விவகாரம் வெடித்த வாரம். லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் கருவி அது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு, சர்வருக்குள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். எங்கள் சர்வர் ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று சரிபார்த்து முடிக்க விடிந்துவிட்டது. எங்களிடம் பழைய பதிப்புதான் இருந்தது, தப்பித்தோம்.

அதற்குப் பிறகு தூக்கம் வராமல், அந்தத் திட்டத்தைப் பல வருடமாகத் தனி ஆளாகப் பராமரித்துவந்த லாசே காலின் 2022 ஜூனில் எழுதியதைப் படித்தேன். ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அவரைச் சில பெயர்கள் தொடர்ந்து நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அவர் பொறுமையாகவே பதில் சொல்கிறார். ஆர்வம் போய்விடவில்லை, ஆனால் நீண்ட நாளாக இருக்கும் மனநலப் பிரச்சினைகளால் அக்கறை காட்டும் சக்தி குறைந்துபோயிருக்கிறது என்கிறார். இது சம்பளம் இல்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை என்பதையும் நினைவுபடுத்துகிறார். உதவ வந்ததுபோல் வந்து, நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் பெற்ற ஜியா டான் என்ற பெயர்தான் பின்கதவை உள்ளே வைத்தது. நெருக்கிய அந்தப் பெயர்களும் அதே நாடகத்தின் பகுதியாக இருக்கலாம் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் பிறகு சந்தேகப்பட்டார்கள்.

எல்லோரும் பின்கதவின் தொழில்நுட்பத்தைப் பேசினார்கள். எனக்கு அந்தப் பதில்தான் நெஞ்சில் நின்றது. எனக்கு நடந்துகொண்டிருந்ததை, பெயர் தெரியாமல் நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்ததை, ஒரு மனிதர் இரண்டு வருடம் முன்னாலேயே நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். அக்கறை தீர்ந்துபோகக்கூடிய ஒரு பொருள். அவர் அதைச் சொன்னபோது "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது" என்று கேட்டவர்கள் போதவில்லை. எனக்கும் அன்று பொறி தட்டியிருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, 42 வரி மாற்றத்தின் முன்னால்தான் தட்டியது.

டாக்டரிடம் போனேன். முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு, இரும்புச்சத்து, பி12 எல்லாம் சரியாக இருந்தன. உடம்புக் காரணங்களை முதலில் விலக்கிவிடுவது முக்கியம் என்றார். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். மனச்சோர்வை அளக்கும் அந்தத் தாளுக்கு பிஹெச்க்யூ-9 என்று பெயர். அதிகபட்சம் 27. எட்டுக் கேள்விக்கு மளமளவென்று போட்டுவிட்டேன். ஒன்பதாவதில் பேனா நின்றது. இறந்துபோனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது அந்தக் கேள்வி.

சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பல காலைகளில், சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி லேசாக இடித்து, காலில் மட்டும் அடிபட்டு, ஆறு வாரம் படுக்கையில் கிடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். அதை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளாம்மா இப்படி?" என்றார். 14 மாதமாக யாரும் அந்தத் தொனியில் என்னிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

என் மதிப்பெண் 14. மிதமான மனச்சோர்வு. பர்ன்-அவுட் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மனச்சோர்வு வீடு வரை வரும், உங்களுக்கு அது எல்லையைத் தாண்டிவிட்டது என்று விளக்கினார். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் போட முடியவில்லை என்றால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம், வீட்டில் ஒருவரிடம், உங்கள் நாட்டில் இருக்கும் உதவி எண்ணில். நான் ஆசைப்பட்டதுபோல "லேசாக இடிபடுவது" மட்டும்தானே என்று நினைத்தாலும் சொல்லுங்கள். சொல்லிவிட வேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயம்தான்.

ஐந்து வாரம் விடுப்பு எடுத்தேன். முதல் இரண்டு வாரம் இல்லாத போன் தொடையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாரத்தில் தூக்கம் வந்தது. பகலிலும் தூங்கினேன். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரைப் பார்த்தேன். நாலாவது வாரம் ஒருநாள், காரணமே இல்லாமல், பழைய சிறு புரோகிராம் ஒன்றைத் திறந்து படித்தேன். கடைசி வரி வரை முதல் வரி மறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். திரும்பி வந்த முதல் ஆன்-கால் வாரம், முதல் அலர்ட்டிலேயே பழைய படபடப்பு முழுசாகத் திரும்பியது. ஐந்து வாரத்தில் சேர்த்த தூக்கம் நாலே இரவில் கரைந்தது. அதில் எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஓய்வெடுத்துவிட்டேன், அலர்ட்கள் ஓய்வெடுக்கவில்லை. ஆள் எண்ணிக்கையும் அதே இரண்டுதான். ஐசிடி-11இல் பர்ன்-அவுட்டை, "வெற்றிகரமாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின்" விளைவு என்று எழுதியிருக்கிறார்கள். யாரால் கையாளப்படாத என்று அதில் இல்லை. அந்த வாக்கியத்தைப் படிக்கும் எல்லோரும் அழுத்தத்துக்கு ஆளானவரைத்தான் பார்க்கிறார்கள். அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி எனக்கும் உதவியது, குறை சொல்லவில்லை. அதிகாலை 3 மணி அலர்ட்டை அது நிறுத்தாது.

மேனேஜரிடம் போய் உட்கார்ந்தேன். மனசு சரியில்லை என்று சொன்னால் அனுதாபம் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது என்று எனக்கு ஒரு பயம். அதனால் கணக்கோடு போனேன். விடுப்புக்கு முந்தைய என் கடைசி ஆன்-கால் வாரத்தில் வந்த அலர்ட்கள் 61. அதில் இரவு 11க்கும் காலை 6க்கும் நடுவில் வந்தவை 19. ஒவ்வொன்றையும் எடுத்து, எழுந்து நான் என்ன செய்தேன் என்று எழுதியிருந்தேன். பெரும்பாலானவற்றுக்கு எதிரே "பார்த்தேன், தானாகச் சரியானது" என்றுதான் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு மனிதர் எழுந்தே ஆக வேண்டியவை இரண்டு மட்டும். கூகுளில் சர்வீஸ்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ குழுவினர் வெளியிட்டிருக்கும் வழிகாட்டலையும் காட்டினேன். 8 முதல் 12 மணி நேர ஷிஃப்டுக்குச் சராசரியாக அதிகபட்சம் 2 சம்பவம், ஒரே இடத்தில் இருக்கும் குழு என்றால் ஆன்-கால் சுற்றுக்குக் குறைந்தது 8 பேர் என்பது அவர்கள் சொல்லும் அளவு.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்றார். இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. அவரும் சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவருக்கு மேலே இருப்பவர்களிடம் அந்தத் தாளை அவரே எடுத்துப் போனார்.

ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு வேலைச் சுற்று முழுக்கப் புது வேலை எதுவும் எடுக்காமல் அலர்ட்களை மட்டும் சரிசெய்தோம். சிபியு 80 சதவீதம் போனால் எழுப்பு என்பது போன்றவற்றை நீக்கினோம். சிபியு ஏறினால் பணம் அனுப்புபவருக்கு அதனால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். பரிவர்த்தனை தோற்றால், தாமதமானால் மட்டும் எழுப்பு என்று மாற்றினோம். காலை வரை காத்திருக்கக் கூடியவை காலையில் டிக்கெட்டாக வந்து விழும்படி செய்தோம். பக்கத்து டீமிலிருந்து மூன்று பேரைச் சுற்றில் சேர்த்தார்கள், புதிதாக ஒருவரை எடுத்தார்கள். இப்போது ஆறு பேர். எட்டு இல்லை. இரவில் எழுந்தவர் மறுநாள் மதியம்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது எழுதிவைத்த விதி ஆனது. சம்பவ அறிக்கைப் படிவத்தில் ஒரு புதுக் கட்டமும் வந்தது: சம்பந்தப்பட்டவர் அப்போது எத்தனை மணி நேரம் விழித்திருந்தார். அந்தக் கட்டம் என் யோசனை. டெர்மினல் நிறங்களையும் மாற்றிவிட்டோம், ப்ரொடக்‌ஷன் என்றால் சிவப்பு.

நான் முழுசாகத் தேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆலோசகரை இப்போதும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். என் ஆன்-கால் வாரம் நெருங்கும்போது தாடை இறுகுகிறது. ஆனால் ஸ்டாண்ட்-அப்பில் யாராவது ஒரு சிக்கலைச் சொன்னால் மனம் மறுபடி அதற்குள் இறங்குகிறது.

அந்தத் தம்பியிடம் பேச எனக்கு இவ்வளவு நாள் ஆனது. ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, அந்த ரிவ்யூவைத் திறந்து வைத்து, நான் படிக்காமலே, படித்தாயா என்று உன்னைக் கேட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு அப்பவே தெரியும்க்கா, 31ல இருக்குன்னு" என்றான். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எதை அனுப்பறதா இருந்தாலும் ராத்திரி உட்கார்ந்து அஞ்சாறு தடவை படிச்சுட்டுதான் அனுப்பறேன். சில நாள் ரெண்டு மணி, மூணு மணி ஆயிடும்."

அவன் அனுப்பிய மாற்றங்களின் நேரத்தைப் பார்த்தேன். நள்ளிரவு 12.50. 2.15. 3.05. எல்லாம் ஜூலைக்குப் பிறகு. நான் விடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த வாரங்களில்கூட.

என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு இன்று வீட்டுக்குப் போ, நாளை வந்து பேசலாம் என்றேன். "இல்லக்கா, இன்னும் ஒண்ணு மட்டும் அனுப்பணும்" என்றான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவன் கிளம்பும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவன் போன பிறகு பழைய ரிவ்யூவை மறுபடி திறந்தேன். நான் எழுதிய வரி அங்கேதான் இருந்தது. அதை அழிக்க மனம் வரவில்லை, டீம் முழுக்கப் பார்த்த வரி அது. அதற்குக் கீழே, அதே இடத்தில் எழுதினேன்: "தடுப்பு 31வது வரியில் சரியாக இருந்தது. அன்று படிக்காதது நான்." பிறகு அவன் அனுப்பாமல் விட்டுப்போன மாற்றத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.